வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு தற்சார்புக் குழந்தைகள் இல்லத்துக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுச் சுற்றுலாவில் அரை நாளை ஒதுக்கி, அங்குள்ள ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் அந்த நல்ல எண்ணத்தை நம்பியே ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது. தெரிந்த பிறகும் போகலாம் என்று தோன்றினால், செலவின் கணிசமான பகுதியைத் தானே ஈட்டிக்கொள்ளும் தற்சார்பு இல்லத்தைத் தேடிப் போங்கள். பண்ணை, அடுமனை, விருந்தினர் விடுதி, உணவகம் என்று ஏதோ ஒரு தொழில் அங்கே நடக்கும். பரிதாபத்தோடு போய் நிற்க வேண்டிய அவசியம் இருக்காது; பணம் கொடுத்து வாங்க ஏதாவது இருக்கும். கொடைவள்ளலாகப் போவதைவிட வாடிக்கையாளராகப் போவதே இரு தரப்புக்கும் மரியாதை என்பது என் கட்சி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கட்சியிலிருந்து எழுதப்பட்டவை.

படி 1: டிக்கெட் எடுக்கும் முன் இந்தத் தொழிலின் மறுபக்கத்தைப் படியுங்கள்

கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 சதவீதம் கூடியது. அந்தக் காலத்தில் அங்கே போர் இல்லை, பெரிய கொள்ளைநோய் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் வரவு. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. நேபாளத்திலும் இதே கதைதான். இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு, பொக்காரா, சித்வன் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் குவிந்தன. குழந்தைகளோ தொலைவிலிருந்த ஏழை மலை மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று தரகர் சொன்ன வார்த்தையை நம்பிப் பெற்றோர் பிள்ளையைக் கூட்டி அனுப்பினார்கள். நகரம் வந்து சேர்ந்ததும் பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரானது.

வறுமைதான் காரணம் என்றால் குடும்பத்துக்கு உதவினால் போதும், பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை. இதைத்தான் ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் வளர முடியாத குழந்தைகளுக்கான பராமரிப்பு) வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன: வறுமை மட்டுமே காரணமாகக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நவீன அடிமைமுறை பற்றி 2017இல் விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு வந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி, இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக அந்நாடு அங்கீகரித்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இல்லச் சுற்றுலாவின் தீமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

வருகையாளரால் குழந்தைக்கு நேரும் கேடு வேறு ஒன்று உண்டு. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட்டில் 2000இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மறுபாதியோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டி உறவாடுவதிலும் முன்னேறினார்கள். எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ அவ்வளவு நன்மை. குழந்தைக்கு வேண்டியது மாறாத ஒரு சில முகங்கள். வாரத்துக்கொரு புதுமுகம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு மறைவது அதற்கு நேர் எதிரானது. முன்பின் தெரியாத உங்கள் மடியில் ஓடிவந்து உட்காரும் குழந்தையைப் பார்த்து நெகிழ்ந்து போகாதீர்கள். பெற்றோரோடு வளரும் குழந்தை அந்நியரிடம் பொதுவாக அப்படிப் போவதில்லை.

படி 2: எதைத் தற்சார்பு என்கிறோம் என்று தெளிவாகுங்கள்

எந்த இல்லமும் நூறு சதவீதம் தன் காலில் நிற்பதில்லை. காய்கறித் தோட்டமும் பத்துக் கோழியும் வைத்துக்கொண்டு தற்சார்பு என்று பலகை மாட்டுபவர்கள் உண்டு. அது படம் எடுக்க மட்டும் உதவும். உண்மையில் வரவுசெலவில் இடம்பிடிக்கும் தொழில் எது என்று பாருங்கள்.

ருவாண்டாவில் உள்ள அகாஹோசோ-ஷாலோம் இளைஞர் கிராமம் நல்ல எடுத்துக்காட்டு. 1994 இனப்படுகொலையில் பெற்றோரை இழந்தவர்களுக்காக ஆன் ஹேமன் என்ற வழக்கறிஞர் அதைத் தொடங்கினார். 2008இல் கிராமம் திறக்கப்பட்டது. அதன் நிலத்தில் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து 8.5 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது. குத்தகைப் பணம் கிராமத்தின் செலவுக்கு உதவுகிறது. அங்கே இருப்பவர்கள் உயர்நிலைப் பள்ளி வயதினர், கைக்குழந்தைகள் அல்லர். சூரியத் தகடு வருகையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, ஆடிக் காட்ட வேண்டியதில்லை. வருமானமும் குழந்தையின் முகமும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொரு வகை, தங்கும் இல்லமாக இல்லாமல் பயிற்சி நிலையமாக இயங்குவது. வியட்நாமின் ஹனோயில் 1999இல் தொடங்கிய கோட்டோ, வசதியற்ற இளைஞர்களுக்குச் சமையலும் உணவகப் பணியும் கற்றுத் தருகிறது. கம்போடியாவின் பட்டம்பாங்கில் 1994இல் உருவான ஃபார் பொன்லூ செல்பாக், அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தங்கள் ஓவிய ஆசிரியரோடு சேர்ந்து நிறுவிய கலைப்பள்ளி. அங்கே தேர்ந்தவர்கள் 2013 முதல் சியாம் ரீப் நகரில் சர்க்கஸ் நடத்துகிறார்கள்; டிக்கெட் வருமானம் பள்ளிக்கும் போகிறது. புனோம்பென்னின் ரொம்டெங் உணவகம் தெருவோர இளைஞர்களுக்கான பயிற்சிக்கூடமாகப் பெயர் பெற்றது. வறுத்த சிலந்திக்காகவும் பெயர் பெற்றது, துணிந்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய இடங்களில் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், பணம் கொடுக்கிறீர்கள், கிளம்புகிறீர்கள். எந்தக் குழந்தையின் படுக்கையறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. பெரும்பாலான பயணிகளுக்கு இந்த இரண்டாவது வகையே போதும் என்பேன். அது போதுமென்றால் மீதிப் படிகளில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

படி 3: எழுதிக் கேளுங்கள்

பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் யார், ஏன் வர விரும்புகிறீர்கள், குழந்தைகளைப் பார்ப்பது நோக்கமல்ல, பண்ணையையும் தொழிலையும் பார்த்து நிர்வாகியோடு பேசினால் போதும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கேள்விகள்:

- அரசிடம் எந்தத் துறையில், எந்த எண்ணில் பதிவு செய்திருக்கிறீர்கள்? கடைசி ஆய்வு எப்போது நடந்தது?
- எத்தனை குழந்தைகளுக்குத் தாய், தந்தை அல்லது உறவினர் இருக்கிறார்கள்? எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார்கள்?
- கடந்த ஆண்டு எத்தனை பேர் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்?
- எழுத்து வடிவில் குழந்தைப் பாதுகாப்பு விதிமுறைகள் இருக்கின்றனவா? வருகையாளருக்கான விதிகளை அனுப்ப முடியுமா?
- ஆண்டுச் செலவில் எவ்வளவு சொந்தத் தொழிலிலிருந்து வருகிறது? தணிக்கை அறிக்கை கிடைக்குமா?
- தொழிலில் வேலை பார்ப்பவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

இவற்றில் எனக்கு முக்கியம் மூன்றாவது கேள்வி. நல்ல இல்லத்தின் நிர்வாகி அதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார், ஏனென்றால் அவர் அதற்காகத்தான் உழைக்கிறார். ‘எங்கள் பிள்ளைகளுக்கு எங்களை விட்டால் யாரும் இல்லை’ என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள். அத்தனை குழந்தைகளுக்கும் ஒரு பாட்டிகூடவா இல்லை?

பதிவு எண் வந்ததும் அந்நாட்டின் சமூகநலத் துறையிடம் சரிபார்க்கப் பாருங்கள். நாட்டின் கொள்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். கென்யா 2017 நவம்பரில் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. ருவாண்டா 2012 முதலே இல்லங்களை மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் திட்டத்தை நடத்திவருகிறது. இப்படிப்பட்ட நாட்டில் நேற்று முளைத்த இல்லம் ஒன்று உங்களை வருந்தி அழைத்தால் அதன் காரணத்தை விசாரிக்க வேண்டும்.

பதில் தாமதமாக வந்தால் கோபப்படாதீர்கள். ‘வருகையாளரை அனுமதிப்பதில்லை’ என்று ஒற்றை வரியில் மறுத்தால் அதைவிட நல்ல சான்றிதழ் வேறு இல்லை. அவர்கள் பொருளை எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: இந்த அறிகுறிகள் தெரிந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள்

ஓட்டுநரோ விடுதி வரவேற்பாளரோ ‘பக்கத்திலே ஒரு இல்லம் இருக்கிறது, இப்போதே போகலாம்’ என்று அழைப்பது முதல் அறிகுறி. முன்னறிவிப்பின்றி யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால், உங்களுக்கு முன்னால் நுழைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டை கேட்கவில்லை, வருகைப் பதிவேடு இல்லை, குழந்தையோடு உங்களைத் தனியே விடுகிறார்கள் என்றால் உடனே வெளியே வாருங்கள். வருகையாளர் முன் அன்றாடம் நடக்கும் பாட்டும் ஆட்டமும், தெருவில் நன்கொடைத் துண்டறிக்கை கொடுக்கும் சிறுவர்களும், பள்ளி நேரத்தில் வளாகத்தில் சுற்றும் பிள்ளைகளும் அதே பட்டியல்தான்.

இவற்றைவிட நுட்பமானது ஒன்று உண்டு. கட்டடம் சிதிலமாகவே இருக்கிறது, குழந்தைகள் கிழிந்த உடையோடே இருக்கிறார்கள், ஆனால் பல ஆண்டுகளாக வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டே இருக்கிறது. இங்கே வறுமைதான் விற்பனைப் பொருள். அது தீர்ந்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தற்சார்பு இல்லத்துக்கு இந்தத் தேவை இல்லை. அங்கே சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும், பிள்ளைகள் சாதாரணமாக இருப்பார்கள், சிலர் உங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஏமாற்றம் அடைபவர்கள் இருக்கிறார்கள்!

படி 5: உழைப்பது யார் என்று பாருங்கள்

தற்சார்பு இல்லங்களுக்கே உரிய ஆபத்து இது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வருமானம் வர வேண்டுமென்றால் யாராவது உழைத்தாக வேண்டும். குழந்தைகள்தான் உழைக்கிறார்கள் என்றால் தற்சார்பு என்ற சொல் குழந்தைத் தொழிலாளர் முறையைப் போர்த்தி மறைக்கும் துணியாகிவிடும்.

எல்லை எங்கே? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 138, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்றும், வளரும் நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. படிப்புக்கும் உடலுக்கும் கேடில்லாத இலகுவான வேலைக்கு 13 வயது, வளரும் நாடுகளில் 12. ஆபத்தான வேலை 18 வயதுக்கு முன் கூடாது. தன் தட்டைக் கழுவுவது, மாலையில் அரை மணி நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோழிக்குத் தீவனம் போடுவது எல்லாம் எந்த வீட்டிலும் நடப்பவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வகுப்பில் தூங்கி விழுவது வேறு.

நேரில் பார்க்கும்போது எளிய சோதனைகள் இருக்கின்றன. பள்ளி நேரத்தில் பண்ணையில் யார் நிற்கிறார்கள்? பூச்சிமருந்து தெளிப்பவர், அடுப்பருகே நிற்பவர், கனமான இயந்திரத்தை இயக்குபவர் எல்லாரும் பெரியவர்களா? அறுவடைக் காலத்தில் வகுப்புகள் ரத்தாகின்றனவா? பயிற்சி பெறும் மூத்த மாணவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சி முடிந்ததும் சான்றிதழும் உண்டா? நிர்வாகியிடம் நேரடியாகவே கேட்கலாம்: ‘நாளையே குழந்தைகள் எல்லாரும் தோட்டத்துக்கு வராமல் இருந்தால் வருமானம் குறையுமா?’ குறையாது என்ற பதில்தான் உங்களுக்கு வேண்டும். கைவினைப் பொருள் விற்கும் கடையில் ‘எங்கள் குழந்தைகள் செய்தது’ என்ற அட்டையைப் பார்த்தால் எத்தனை வயதுக் குழந்தைகள் என்று கேட்டுவிட்டுப் பிறகு பையைத் திறங்கள்.

படி 6: பயண ஏற்பாடுகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வையிடச் சுற்றுலா விசா பொதுவாகப் போதும். ஆனால் ஒரு நாள் பாடம் எடுத்தாலும் தன்னார்வப் பணி என்று கணக்கிடும் நாடுகள் இருக்கின்றன. தாய்லாந்தில் சம்பளமில்லாத பணிக்கும் வேலை அனுமதி தேவை. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யக் கூடாது. இல்லங்களில் பலர் சேர்ந்து வாழ்வதால் தொற்று எளிதில் பரவும்: தட்டம்மை உள்ளிட்ட தடுப்பூசிகளைச் சரிபாருங்கள், இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள். கூட்டமாகப் போவதையும் தவிருங்கள், இரண்டு பேர் போதும். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ‘நீ எவ்வளவு கொடுத்து வைத்தவன் என்று பார்’ என்று பாடம் நடத்துவதாக இருந்தால் அந்த எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேரம் குறிக்கும்போது குழந்தைகள் பள்ளியில் இருக்கும் வேளையைக் கேளுங்கள். விசித்திரமாகத் தோன்றலாம். நீங்கள் பார்க்க வேண்டிய பண்ணை, அடுப்பங்கரை, கணக்குப் புத்தகம் எல்லாம் அப்போதும் அங்கேதான் இருக்கும்.

படி 7: அங்கே போன பிறகு

பதிவேட்டில் பெயர் எழுதுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள். உடன் வரும் ஊழியரை விட்டு விலகாதீர்கள். தூங்கும் அறை, குளியலறைப் பக்கம் அழைத்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அவர்களுடைய வீடு.

குழந்தைகளை எதிர்கொள்ள நேர்ந்தால் வணக்கம் சொல்லிப் புன்னகைத்துவிட்டுக் கடந்து போகலாம். பேச வந்தால் பேசுங்கள்: விளையாட்டு, பள்ளி, அங்குள்ள நாய்க்கு என்ன பெயர் என்பது போல. அம்மா அப்பா எங்கே, எப்படி இங்கே வந்தாய், ஊர் நினைவு வருமா என்ற கேள்விகள் ஒன்றுகூட வாயில் வரக் கூடாது. ஒரு குழந்தை தன் வாழ்வின் மிக மோசமான நாளை வருகிற ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தூக்காதீர்கள். ‘மறுபடி வருவேன்’ என்று சொல்லாதீர்கள். குழந்தைகள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். முகவரி, தொலைபேசி எண், சமூக ஊடகக் கணக்கு எதையும் பரிமாறிக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களிடம் தாராளமாகப் பேசுங்கள். சமையல்காரர், தோட்டக்காரர், அடுமனையில் மாவு பிசைபவர் ஆகியோரிடம் பேசினால் அந்த இடம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும். எத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஊழியர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் இல்லத்தில், வருகையாளரே வராவிட்டாலும், குழந்தைகள் முகங்களை இழந்துகொண்டுதான் இருப்பார்கள்.

படங்கள் பற்றி ஒரே விதி: குழந்தையின் முகம் வேண்டாம். ஊழியர் அனுமதித்தாலும் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 16ஆம் பிரிவில் அந்தரங்கத்துக்கான உரிமையைக் குழந்தைக்கும் தருகிறது. நடைமுறைக் காரணமும் உண்டு: வன்முறையான குடும்பத்தினரிடமிருந்தோ கடத்தல்காரரிடமிருந்தோ மறைத்துவைக்கப்பட்ட குழந்தைகள் அங்கே இருக்கலாம், செல்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பும் சேர்ந்தே பதிவாகிறது. சூரியத் தகட்டையும் தக்காளிச் செடியையும் எடுங்கள், அதற்கும் முன் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள்.

படி 8: பணம்

முதலில் வாங்குங்கள். ரொட்டி, தேன், காப்பிக்கொட்டை, துணிப்பை, அறை வாடகை என எது விற்கிறதோ அது. விலை பேசிக் குறைக்க வேண்டாம். தேவையில்லாததை இரக்கப்பட்டு வாங்கவும் வேண்டாம். பொருள் தரமாக இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள். தேன் புளித்திருந்தது என்று சொல்லும் ஒரு வாடிக்கையாளர் புகழ்ந்து பேசிவிட்டுப் போகும் பத்துப் பேரைவிட அவர்களுக்கு உதவியாக இருப்பார்.

மிட்டாய், பொம்மை, பழைய துணி நிரம்பிய பெட்டியைச் சுமந்து போகாதீர்கள். பெட்டிக்காகக் கட்டும் விமானக் கூடுதல் கட்டணத்தில் அந்த ஊரிலேயே அதைவிட நல்ல துணி வாங்கலாம், அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். என்ன வேண்டும் என்று நிர்வாகியைக் கேட்டால் பதில் பெரும்பாலும் சுவாரசியமில்லாததாக இருக்கும்: தண்ணீர்ப் பம்புக்கு உதிரிப்பாகம், ஊழியர் பயிற்சிக் கட்டணம், கணக்காளர் சம்பளம். அதைக் கொடுங்கள்.

நன்கொடை தருவதாக இருந்தால் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பி ரசீது பெறுங்கள். தனிநபர் கணக்கு, கையில் ரொக்கம் இரண்டும் வேண்டாம். குடும்பங்களோடு குழந்தைகளைச் சேர்க்கும் பணிக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு இருந்தால் அதற்கே கொடுங்கள். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் படத்தோடு தத்தெடுக்கச் சொல்லும் திட்டங்களை நான் தவிர்ப்பேன்: அழகாகச் சிரிக்கும் குழந்தைக்குப் பணம் வரும், பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு வராது.

படி 9: ஏதாவது தவறாகத் தெரிந்தால்

அடி வாங்கிய தடம், பூட்டிய அறை, பெரியவரைப் பார்த்து நடுங்கும் பிள்ளை என்று எதையாவது கண்டால் அங்கேயே சண்டை போடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு அதன் விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தை. மீட்கிறேன் என்று வெளியே கூட்டி வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. சட்டத்தின் கண்ணில் நீங்களே கடத்தல்காரர் ஆகிவிடுவீர்கள். நாள், நேரம், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் குறித்துவைத்து அந்நாட்டின் குழந்தை உதவி எண்ணை அழையுங்கள். நேபாளத்தில் 1098, கம்போடியாவில் 1280, கென்யாவில் 116. மற்ற நாடுகளுக்கான எண்களை சைல்டு ஹெல்ப்லைன் இன்டர்நேஷனல் கூட்டமைப்பின் இணையதளத்தில் தேடலாம். பயண ஏற்பாட்டாளர் மூலம் போயிருந்தால் அவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சில நிறுவனங்கள் இல்ல வருகையைத் தங்கள் திட்டத்திலிருந்து நீக்கியதற்கு இப்படி வந்த கடிதங்களும் காரணம்.

படி 10: திரும்பிய பின்

விமர்சனம் எழுதுங்கள், ஆனால் பொருளைப் பற்றி. விடுதி அறை சுத்தமாக இருந்தது, காப்பி நன்றாக இருந்தது, சாலை மோசம் என்ற தகவல் அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டுவரும். குழந்தைகளின் கதைகளை எழுத வேண்டாம், பெயரை மாற்றியும் வேண்டாம்.

தொடர்ந்து உதவ விரும்பினால் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அனுப்புவது, ஒரே நாளில் பெருந்தொகை கொடுப்பதைவிட அவர்களுக்குத் திட்டமிட வசதி. அவர்களுடைய தொழிலுக்கு உங்கள் திறமை பயன்படுமானால் தொலைவிலிருந்தே செய்யலாம்: கணக்கு மென்பொருள் அமைப்பது, பொருளுக்கு விற்பனைத்தளம் தேடுவது, மின்னஞ்சல் எழுதித் தருவது. ஆண்டு முடிவில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: சொந்த வருமானம் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா, இல்லத்தில் தங்கியிருக்கும் குழந்தைகள் குறைந்திருக்கிறார்களா? இரண்டாவது எண் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போனால், மாதத் தொகையை நிறுத்துவதற்கு முன் நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதி விளக்கம் கேளுங்கள்.